சாய்வான வெட்டு

ஊர் மாறி வந்து வைத்த செடியில் முதன்முதலாகப் பூத்த ரோஜாவைக் காலையில் காணவில்லை.

“பூத்திருடி எவளாச்சும் இருப்பாக்கா. சாமிக்குத்தான பறிக்கிறா, விடுங்க,” என்றாள் பக்கத்து வீட்டு மரகதம்.

செண்பகவல்லி குனிந்து காம்பைப் பார்த்தாள். திருடுகிறவர்கள் பூவைக் கழுத்தோடு கிள்ளுவார்கள். இந்தக் காம்போ ஐந்திலைக் கொத்துக்குச் சற்று மேலே, கத்தரியால் சாய்வாக வெட்டப்பட்டிருந்தது. அவள் ஒருமுறை தப்பாக வெட்டியபோது, கணவன் அவள் விரலைக் கத்தரிக்குள் வைத்துத்தான் அந்தச் சாய்வைக் கற்றுக்கொடுத்தான். அவனிடமிருந்துதான் மகளோடு இவ்வளவு தூரம் ஓடி வந்திருந்தாள்.

உள்ளே போய் வாசற்கதவைத் தாழிட்டு, மகளைக் கூப்பிட்டாள். சீருடையில் வந்தவளின் சடையில் அந்த ரோஜா இருந்தது.

“யாருடி வச்சுவிட்டது?”

மகள் அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“சொல்லக் கூடாதாம், அம்மா.”