கடலைப் பார்த்த முகம்

மட்டக்களப்புச் சிறைக் கம்பிகளின் நிழல் மேசையில் கோடுகோடாக விழுந்து கிடக்கிறது. இன்ஸ்பெக்டர் செபரட்ணம் நீட்டும் புதுப் பிணத்தின் படத்தை உதுமாலெவ்வை தொடாமலே பார்த்து உதட்டைச் சுழிக்கிறான். கல்முனைக் கடற்கரையில் நான்கு பேரை நெரித்துக் கொன்றுவிட்டு உள்ளே கிடப்பவன் அவன். இப்போது வெளியே எவனோ அவனைப் போலவே கொல்கிறான். கதவடியில் சார்ஜன்ட் தேவராசா தொப்பியால் விசிறிக்கொண்டு நிற்கிறார். "முகம் கடலைப் பார்த்துக் கிடக்கு, உன்ட வேலை மாதிரியே," என்கிறார் செபரட்ணம். உதுமாலெவ்வைக்குச் சிரிப்பு வருகிறது. இந்த மூளைகளா தன்னைப் பிடித்தன? "நான் கொலகாரன்தான், ஐயா. ஆனா செத்த மையித்த எப்பிடிக் கிடத்துறண்டு எனக்குத் தெரியும். நாலு பேர்ர முகத்தயும் தொழுற கிப்லாப் பக்கம், மேற்காலதான் திருப்பி வெச்சன். கடல் கிழக்கால கிடக்கு. ஆரெண்டு பார்க்க மையித்த உருட்டின மடையன்தான் கடலுக்குத் திருப்பியிருக்கான். இவன் என்னப் பார்த்துப் படிக்கல்ல, அந்த மடையன்ட கதையக் கேட்டுப் படிச்சிருக்கான். முகம் கடலுக்குக் கிடந்தது ஆருக்கெல்லாம் தெரியும்?" "வழக்கிலயும் சொல்லல்ல. நாலு இடத்துக்கும் முதல் போய்ப் புரட்டிப் பார்த்த தேவராசாவுக்கும் எனக்கும்தான்..." செபரட்ணத்தின் வாய் பாதியில் நிற்கிறது. உதுமாலெவ்வை அவருடைய தோளுக்கு மேலால், இளக்காரமாகப் பார்க்கிறான். கதவடியில் தேவராசாவின் தொப்பி அசையவில்லை.