பேனா வாசிக்காத கடிதம்

ஜெசிந்தாவின் கண்ணுக்கு எழுத்துகள் ஒரு வரியில் நிற்காது. இடம் மாறிக்கொண்டே இருக்கும். பத்தாம் வகுப்புவரை அம்மாதான் பாடங்களை வாசித்துக் காட்டினாள். தொண்டைப் புற்றுநோயில் அம்மாவின் குரல் போனபிறகு, வரிமேல் நகர்த்தினால் வாசித்துச் சொல்லும் பேனா ஒன்றைப் பள்ளியில் கொடுத்தார்கள்.

அம்மாவை அடக்கம் செய்த மூன்றாம் நாள், அவளுடைய பைபிளுக்குள் ஜெசிந்தாவுக்கென்று எழுதிய கடிதம் ஒன்று கிடைத்தது. ஜெசிந்தா பேனாவை முதல் வரிமேல் நகர்த்தினாள். அச்செழுத்து மட்டும்தான் அதற்குத் தெரியும். அம்மாவின் சாய்ந்த கையெழுத்தில் ஏதோ இரண்டு எழுத்தை உளறிவிட்டு நின்றுபோனது.

"கொண்டா மக்ளே, நான் வாசிச்சுச் சொல்லுதேன்" என்றார் அப்பா.

"வேண்டாம்ப்பா."

அம்மா சொல்வதை வேறொரு குரலில் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் பிடித்தாள். பிடித்தது நழுவியது. மறுபடி பிடித்தாள். மதியச் சோறு ஆறிப்போனது. முதல் வரி முழுதாகக் கைக்கு வந்தபோது மணி மூன்று.

"மக்ளே, நீ கஷ்டப்படாத. இத அப்பாட்ட குடுத்து வாசிக்கச் சொல்லு."

கதவுக்கு வெளியே அப்பா செருமுவது கேட்டது. ஜெசிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டாவது வரியில் விரலை வைத்தாள்.