கழுவாத பாதி

கோட்டுப் போட்ட மாப்பிள்ளை, ஸ்டூடியோக்காரியின் முகத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. புதுப்பெண்தான் சிரித்தாள்.

“எங்க ஜோடிப் படம் ரெடியா?” என்றான் அவன்.

“இது ப்ரூஃப். பார்த்துச் சரி சொல்றதுக்கு மட்டும்தான், அதான் அந்தப் பேரு. இதையே யாரும் வச்சுக்கக் கூடாதுன்னுதான் ஹைப்போங்கிற மருந்துல கழுவாம தர்றது. வெளிச்சத்துல வச்சா கறுத்துடும்.”

“பாடம் எடுக்காதே. இதையே கழுவிக் கொடு.”

இருட்டறைக்குள் போய்க் கழுவி எடுத்துவந்து கொடுத்தாள்.

கூடத்து ஜன்னலுக்கு எதிரே மாட்டிய படத்தைக் கொஞ்ச நாளிலேயே புதுப்பெண் தனியாகத் தூக்கிக்கொண்டு வந்தாள். படத்தில் அவள் பளிச்சென்று இருந்தாள். பக்கத்தில் அவன் அடுப்புக்கரியாக நின்றான்.

“என்மேல எரிஞ்சு விழறாருக்கா. என்ன ஆச்சு?”

“உன் பாதியை மட்டும்தாம்மா ஹைப்போவுல முக்கினேன்.”

“அவர்மேல உங்களுக்கு என்ன கோபம்?”

ஸ்டூடியோக்காரி இழுப்பறையிலிருந்து ஒரு பழைய கல்யாணப் படத்தை எடுத்து நீட்டினாள். அதே மாப்பிள்ளை, அதே கோட்டு. பக்கத்தில் மணப்பெண்ணாக ஸ்டூடியோக்காரி.

“எங்கிட்ட இதுதான் முதல் கல்யாணம்னாரே!”

 புதுப்பெண் கையை நீட்டினாள்.

“கத்தரிக்கோல் கொடுங்கக்கா. எனக்கு என் பாதி போதும்.”