நுனி போன பழம்

சந்தையில் மூன்று மணி நேரம் பூதக்கண்ணாடி வைத்துப் பொறுக்கிய நார்த்தம்பழம். நாளைக் காலை, யூதர்களின் கூடாரப் பண்டிகைத் தொழுகையில் குறையில்லாத பழமாக ஏந்த வேண்டியது. பெட்டியைத் திறந்த பின்ஹாஸ் திகைத்தான். பழத்தின் நுனிமொட்டைக் காணோம்!

“திர்சா! எலி ஏதாவது கடிச்சுதா?”

“நான்தாங்க கடிச்சேன்” என்றாள், சுவரைப் பிடித்தபடி நின்ற மனைவி.

“பைத்தியமா உனக்கு? மொட்டு போனா பழமே செல்லாதே!”

“அதைக் கடிச்சா சுகப்பிரசவம்னு உங்கம்மாதானே சொன்னாங்க?”

“பண்டிகை முடிஞ்சப்புறம் கடிக்கணும்டி! ஏழு நாள் பொறுக்கக் கூடாதா?”

“நான் பொறுத்துப்பேன். உங்க பிள்ளை பொறுக்க மாட்டேங்குதே! மத்தியானத்துலேருந்து வலி.”

பின்ஹாஸுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“ஐயோ, வந்ததுமே சொல்றதுக்கென்ன?”

“மூணு மணி நேரம் பழத்தைப் பார்த்தீங்க. வந்ததுலேருந்து ஒரு தடவை என் மூஞ்சியைப் பார்த்தீங்களா?”