டிராகனுக்கு வேலையில்லை

“சின்னப் பிள்ளைங்ககிட்ட இப்படிப் புளுக வெட்கமா இல்லையா உங்களுக்கு?”

பேராசிரியர் பர்னபாஷ் போட்ட சத்தத்தில், குழிக்குள் இடுப்பளவு வாயுவில் நின்றிருந்த மூட்டுவலிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஹர்கிதா மலையில், பூமிக்குள்ளிருந்து வாயு கசியும் குழி அது. கால்வலிக்கு நல்லதென்று படியிறங்கி நிற்பார்கள். குழந்தைகளுக்கு மேல் படி மட்டும்தான். அங்கே வாயு அவர்கள் முழங்காலைத் தாண்டாது.

குழியைப் பார்த்துக்கொள்ளும் எமோக்கே, பேராசிரியரின் ஐந்து வயது மகள் பொரோக்காவை மேல் படியில் நிறுத்திவிட்டுச் சொன்னது இதுதான்: “கீழே டிராகன் தூங்குது கண்ணு. நிமிர்ந்து நின்னா ஒண்ணும் பண்ணாது. குனிஞ்சியோ, மூச்சைப் பிடுங்கிக்கும்!”

“நான் புராணங்களை ஆராய்ச்சி பண்ணிப் புத்தகம் எழுதினவன்மா! ஒண்ணும் தெரியாத காலத்துல மனுஷன் பண்ணின அரைகுறை விஞ்ஞானம்தான் புராணம். நிஜ விஞ்ஞானம் வந்தாச்சு. இனி டிராகனுக்கு வேலையில்லை!”

“இங்கே இருக்கு ஐயா.”

“பேசாதீங்க! அதோ, அந்தப் பலகையில வாயுவைப் பத்தி எவ்வளவு தெளிவா எழுதியிருக்கு! எழுதினவன் படிச்சவன். நீங்களும் இருக்கீங்களே!”

மகளிடம் திரும்பினார்.

“பொரோக்கா, டிராகனும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. இது கரியமில வாயு. காத்தைவிடக் கனம். அதான் தண்ணி மாதிரி கீழேயே தேங்கி நிக்குது. கண்ணுக்குத் தெரியாது. புரிஞ்சுதா?”

“புரிஞ்சுதுப்பா.”

“பார்த்தீங்களா?” என்று எமோக்கேயைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தினார். “உள்ளதைச் சொன்னா குழந்தைக்கே...”

எமோக்கே அவரைத் தள்ளிவிட்டுப் படியில் பாய்ந்தாள்.

கண்ணுக்குத் தெரியாத தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்க்க உட்கார்ந்த பொரோக்கா, அப்படியே தலை துவண்டு சரிந்திருந்தாள். தூக்கி வந்து புல்லில் கிடத்தி, நெஞ்சைத் தேய்த்த பிறகுதான் இருமினாள். பிறகு வீறிட்டு அழுதாள்.

“புரிஞ்சுதாம்! புரிஞ்சதாலதான்யா குனிஞ்சா!” எமோக்கே பலகையைக் காட்டினாள். “அந்தப் பலகையை எழுதினவ நான். இங்கே பள்ளிக்கூடத்துல கெமிஸ்ட்ரி டீச்சர். வாயுவை அளந்ததும் நான்தான். பலகை உங்களுக்கு எழுதினது. டிராகன் அவளுக்கு!”



பொரோக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “அப்பா, உள்ளே நிஜமா என்ன இருக்கு?”

அவர் பலகையைப் பார்த்தார். மகளின் நீலம் பாரித்த உதட்டைப் பார்த்தார்.

“டிராகன்” என்றார்.