கூடம் வரைக்கும்

வீட்டை விற்றவர் எதையும் மறைக்கவில்லை. "கூடம் வரைக்கும்தான் என் பட்டா. அடுப்படி நிக்கிற மண்ணு யாருதுன்னு எனக்கே தெரியாது. இதுவரைக்கும் யாரும் வந்து கேட்டதில்ல" என்றார். வீடு பிடித்துவிட்டதால் நாங்களும் மேற்கொண்டு கேட்கவில்லை. பால் காய்ச்சுகிற அன்று விடியற்காலையில் பூட்டைத் திறந்து, நானும் என் மனைவி வாசுகியும் வலதுகாலை எடுத்துவைத்து உள்ளே போனோம். அடுப்படியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பின்கதவு திறந்திருந்தது, அதன் நிலையில் புது மாவிலைத் தோரணம். பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண் அடுப்பில் பால் வைத்திருந்தாள். "யாரும்மா நீங்க?" என்று கேட்டேன். "இருங்க, பொங்கப் போகுது" என்றாள், திரும்பாமல். பால் பொங்கி, மேடையில் இறங்கி, எங்கள் கூடத்தைப் பார்த்து வழிந்தது. வாசுகி தன்னை அறியாமல் குலவையிட்டாள். அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் சிரிப்பு. சர்க்கரை போட்டு ஆற்றி, முதல் டம்ளரை என்னிடம் நீட்டினாள். "மொத மொத வீட்டுக்கு வந்திருக்கீங்க. வெறும் வாயோட போகக் கூடாது." வாங்கிக் குடித்தேன். நல்ல இனிப்பு. நாங்கள் கொண்டுவந்த பால், காய்ச்சாமல், வாசுகியின் கையிலேயே இருந்தது.