தேயாத பட்டன்

"கையைத் துடைச்சுக்கிட்டு அந்த ரெண்டாவது கன்ட்ரோலரை எடுங்க" என்றார் வக்கீல்.

குப்பென்று வியர்த்தது லிஃப்ட் மெக்கானிக்குக்கு. கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டுப் போனால் வேலையைப் பற்றிக் கேட்பார்கள், குடும்பத்தைப் பற்றித் துருவுவார்கள் என்று பதில்களை எல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார். வீடியோ கேம் ஆடச் சொல்வார்கள் என்று யார் கண்டது?

"எனக்கு இதெல்லாம் பழக்கமில்லையே சார்..."

"அதனால என்ன? நாலு பேர்கிட்ட விசாரிச்சாலும் தெரியாதது இதுல தெரிஞ்சுடும். நான் சரின்னு சொன்னாதான் அங்கேயும் சரி" என்று சமையலறைப் பக்கம் கண்ணைக் காட்டினார் வக்கீல்.

உள்ளே கரண்டி ஒன்று கீழே விழுந்த சத்தம் கேட்டது.

டிவிக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு பழைய பெட்டி. அதன் மூடி சரியாக மூடாது. ஒரு தடித்த சட்டப் புத்தகத்தைப் பாரமாகத் தூக்கி மேலே வைத்த பிறகுதான் டிஸ்க் சுற்றத் தொடங்கியது. வக்கீலின் புத்தகங்களிலேயே ஒழுங்காக வேலை பார்த்தது அது ஒன்றுதான்.

திரையில் ஒரு பனிமலை. இரண்டு சின்ன உருவங்கள். இருவர் இடுப்பையும் ஒரே கயிறு பிணைத்திருந்தது.

"இது வந்த வாரம் பார்த்து ஒரு பெரிய கார் ரேஸ் கேமும் வந்துச்சு. ஊரே அங்க ஓடிடுச்சு, இதைச் சீந்த ஆளில்லை. தனியா ஆட முடியாது, சுட எதிரி இல்லை, பாட்டு இல்லைன்னு பத்திரிகைக்காரன் வேற கிழிச்சுத் தொங்க விட்டான். அடப்பாவி, பாட்டு ஏன் இல்லைன்னு ஒரு நிமிஷம் யோசிச்சியா? நீங்க காதைக் கொடுத்துக் கேளுங்க."

மெக்கானிக் கேட்டார். காற்று. காற்றுக்கு அடியில் வேறொன்று.

"மூச்சு வாங்குது சார்!"

"என் ஆளோட மூச்சு. கூட வர்றவன் களைச்சுட்டானான்னு நீங்க காதாலதான் கண்டுபிடிக்கணும். அதுக்காகப் பாட்டையே வேணாம்னு தூக்கிப் போட்டிருக்கான் பாருங்க இந்த கேமைப் பண்ணினவன், அவன் கையைக் கண்ணுல ஒத்திக்கணும்!"

கோர்ட்டில் மேஜையைத் தட்டிப் பேசுகிற மனிதரின் குரல் இப்படிக் குழையும் என்று சொன்னால் எதிர்க்கட்சி வக்கீல் நம்பமாட்டார்.

"ஒருத்தர் சறுக்கினா இன்னொருத்தர் இந்தப் பட்டனை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு உக்காரணும். தாங்க முடியலன்னா சிவப்பு பட்டன். கயிறு அறுந்துடும். அறுத்தவர் மட்டும் மேல போகலாம்."

மெக்கானிக் கன்ட்ரோலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மத்த பட்டனெல்லாம் தேஞ்சு வழவழன்னு ஆயிடுச்சு. சிவப்பு மட்டும் புதுசு மாதிரியே இருக்கே?"

வக்கீல் தன் கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்போ இந்த வீட்டுல நாங்க ரெண்டே பேர். ஸ்கூல் விட்டா சாயங்காலம் இந்த மலைதான். நீங்க பிடிச்சிருக்கிற கன்ட்ரோலர் யாரோடதுன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாள்கூட அந்தப் பட்டன்ல விரல் பட்டதில்லை."

மெக்கானிக்கின் பார்வை தானாகச் சமையலறைக்குப் போய் வந்தது.

ஏறத் தொடங்கினார்கள். மெக்கானிக்கின் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மேலே போகச் சொன்னால் அவருடைய ஆள் பாறையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஆனால் கொஞ்ச நேரத்தில் வந்த காரியமே அவருக்கு மறந்துபோயிற்று.

"அட, நடந்த தடம் பனியில அப்படியே இருக்கு சார்! எவ்வளவு அழகா யோசிச்சிருக்காங்க! இதையா ஜனங்க விட்டுட்டாங்க?"

"அப்படிக் கேளுங்க!" வக்கீல் தொடையைத் தட்டினார்.

உச்சி கண்ணுக்குத் தெரிந்தது. அப்போது வக்கீலின் ஆள் சறுக்கினான். வேண்டுமென்றே விட்ட பிடி அது, குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கும். கயிறு விறைத்தது. மெக்கானிக் பட்டனை அழுத்திக்கொண்டு பல்லைக் கடித்தார். திரையில் அவருடைய பலம் மளமளவென்று குறைந்துகொண்டே வந்தது.

"அறுத்துடுங்க. உச்சி இதோ இருக்கு."

"மாட்டேன் சார்."

"ரெண்டு பேரும் விழுந்துடுவோம்."

"விழுவோம்."

"ஜெயிக்க வேணாமா? உங்க கல்யாணமே இதுலதான் இருக்கு."

மெக்கானிக் பட்டனிலிருந்து விரலை எடுக்கவில்லை. "கயிறுல ஆள் தொங்குறப்போ அதுல கை வைக்கிறவன் இல்லை சார் நான். அன்னிக்கு லிஃப்ட்ல அவங்க மாட்டிக்கிட்டப்போகூட, கதவு திறக்கிற வரைக்கும் வெளியில நின்னு பேச்சுக் கொடுத்துக்கிட்டேதான் இருந்தேன். அப்படித்தான் பழக்கமே ஆச்சு. விட்டுட்டு மேல போய், தனியா நின்னு யார்கிட்ட சார் பேசறது?"

பலம் தீர்ந்தது. இருவரும் விழுந்தார்கள். திரை இருண்டது.

மெக்கானிக் கன்ட்ரோலரைப் பத்திரமாக மேஜைமேல் வைத்தார். எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"தோத்துட்டேன். ஆனா நல்ல ஆட்டம் சார். நான் கிளம்பறேன்."

"உக்காருங்க" என்ற வக்கீல், கண்களைத் துடைத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்:

"அம்மா, வெளியே வா. அப்பா போனதுலேர்ந்து நீ என்னைப் பிடிச்சுக்கிட்டு இருந்தது போதும். இனிமே உன்னைப் பிடிச்சுக்க ஆள் வந்தாச்சு."